சவர்லட்டின் நடைகள்

கரட்டுச்சத்திரத்து எடைமேடையில் அந்தக் காலி லாரியை டிராக்டரில் கட்டி இழுத்து ஏற்றி நிறுத்தியபோது, அது காலியாக இல்லை என்று எடைக்கருவி சிவப்பு எழுத்தில் சொன்னது. மேடையின் சொந்தக்காரி மயிலாத்தாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். தாராபுரத்துக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவில் வெங்காயமும் தக்காளியும் முருங்கையும் ஏற்றிப்போகும் வண்டிகள் எல்லாம் அவள் முன்னால் ஏறி நின்று உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் போயாக வேண்டும். மனிதர்கள் பொய் சொல்லக்கூடும், டிரைவர்கள் கட்டாயம் சொல்வார்கள், மேடை மட்டும் சொல்லாது என்பது அவள் நம்பிக்கை. அதனால் லாரியைக் கீழே இறக்கச் சொல்லி, வெறும் மேடை பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்து, தானே ஏறி நின்று தன் எடையையும் பார்த்து அது பொய்யாக இருக்கக்கூடாதா என்று ஒரு கணம் ஆசைப்பட்டு, லாரியை மறுபடி ஏற்றச் சொன்னாள். மறுபடியும் அதே எடை. ஒரு முழு லோடு சரக்கு அதற்குள் இருந்தாக வேண்டும்; பின்னால் போய்ப் பார்த்தால் பலகையும் துருவும் ஓர் ஓணான் முட்டையும்தான் இருந்தன.

லாரியை வாங்க வந்திருந்தவர் சங்ககிரியில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அர்த்தனாரி. பழைய அமெரிக்கப் பண்ணை லாரிகள் மேல் அவருக்கு இருந்ததை ஆசை என்று சொன்னால் அது குறைவு. பைத்தியம் என்று சொன்னால் அவர் சந்தோஷப்படுவார், ஆகவே அந்தச் சொல்லாலும் பயனில்லை. முகத்தில் ஐந்து பட்டை இருந்தால் எந்தக் காலத்து வண்டி, காலால் மிதித்துக் கிளப்பும் ஸ்டார்ட்டர் எந்தப் பக்கம் இருக்கும், ஏற்றத்தில் ஏறும்போது மழைத்துடைப்பான் ஏன் மூச்சு வாங்கி நின்றுவிடும் என்பதையெல்லாம் அவர் கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். அவரைப் போன்றவர்கள் ஒரு வாட்ஸாப் குழுவாக இருந்தார்கள். விடிந்தால் ஒருவருக்கொருவர் கொட்டகைகளில் தூங்கும் வண்டிகளின் படங்களை அனுப்பி, மற்றவர்கள் பேரப்பிள்ளைகளின் படங்களுக்குச் சொல்வதுபோல ‘கண்ணு படப்போகுது’ என்று எழுதிக்கொள்வார்கள். எடைமேடைக்குப் பின்னால் சீமைக்கருவேலம் மூடிக் கிடந்த இந்த வண்டியை முதன்முதல் பார்த்த அன்று அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அருகில் போனார். கருவேல முள்ளுக்குள் அப்படிப் போன மனிதரை மயிலாத்தாள் அதற்கு முன் பார்த்ததில்லை; கொடுத்துவிடலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

வண்டியின் எடையை அர்த்தனாரி மனப்பாடமாகச் சொன்னார், டிரெய்லரில் ஏற்றிப் போவதற்கு எடைச்சீட்டு வேண்டும் என்றுதான் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ஏற்றிவிட வந்திருந்த லோடுமேன் சங்கத்துத் தலைவர் ராக்கியண்ணன், எழுபது வயதிலும் துண்டைத் தலையில் சும்மாடாகச் சுற்றியிருப்பவர், சற்று நேரம் சிவப்பு எழுத்தைப் பார்த்தார். பின்பு, திறந்து கிடந்த பின்கதவைத் தூக்கிச் சாத்திக் கொக்கி போட்டார். சாத்தாத கதவைத் திறந்து பார்க்க முடியாது என்பது அவர் வாதம். கொக்கியை எடுத்துக் கதவை இறக்கினார். உள்ளே சின்ன வெங்காயம், சணல் மூட்டைகளில், வாய்வரை நிறைந்து, தார்ப்பாய் போட்டு, கயிறு இழுத்துக் கட்டி இருந்தது. எங்கே இறக்குவது என்று ராக்கியண்ணன் கேட்டார். மயிலாத்தாள் நிழலில் இறக்கச் சொன்னாள், வெங்காயம் வெயிலில் கிடந்தால் கெட்டுவிடும் என்பதால்.

அந்த வண்டியின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் மட்டும் எதிர்த்திசையில் வந்தார். அமெரிக்காவில் விவசாயி மகனாகப் பிறந்து பாதிரியானவர், வரும்போது அப்பாவின் பண்ணை லாரியைக் கப்பலில் கொண்டுவந்தார். வேதத்தையும் மக்காச்சோளத்தையும் ஒன்றாக விதைத்தார். சோளம் நன்றாக முளைத்தது. ஊர் அவரைச் சோளச்சாமியார் என்று கூப்பிட்டது, செவர்லே என்ற லாரியின் பெயரைச் சவர்லட்டு என்று திருத்தி, அதில் ஒரு லட்டையாவது சேர்த்துக்கொண்டது. சாமியார் காய்ச்சல் கண்டு ஊர் திரும்பியபோது வண்டி ஒரு வெங்காய மண்டிக்காரர் கைக்கு வந்தது. அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆளான சூசையும் வண்டியோடு வந்தார். ஸ்டீயரிங் இடதுபக்கம் இருக்கிற வண்டியை வேறு யாரும் தொடப் பயந்தார்கள்.

வண்டிக்காரர்கள் ஒரு தடவை சரக்கு ஏற்றிப்போய் இறக்கிவிட்டு வருவதை ஒரு நடை என்பார்கள். கோயில் வாசலும் நடைதான், நாம் காலால் நடப்பதும் நடைதான், எழுதுகிறவன் எழுதும் விதமும் நடைதான். ஒரு சின்னச் சொல்லின் தலையில் இவ்வளவு பாரம் ஏற்றியவர் லோடுமேன் சங்கத்து உறுப்பினராகத்தான் இருந்திருக்க வேண்டும். சவர்லட்டு தான் போன நடைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி இறக்குகிறது என்பதைக் கரட்டுச்சத்திரம் மறுநாளே புரிந்துகொண்டது. ஒரு நாளைக்கு ஒரு நடை. காலையில் கதவைச் சாத்தித் திறந்தால் அன்றைய சரக்கு, திறக்காவிட்டால் இல்லை. முதலில் வந்தது வண்டி கடைசியாகப் போன நடை, அடுத்து வந்தது அதற்கு முந்தையது. இது ஏன் பின்னாலிருந்து முன்னால் வருகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டபோது உள்ளூர்க்காரர்கள் அவர்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கடைசியில் ஏற்றியது முதலில் இறங்கும், முதலில் ஏற்றியது கடைசியில் இறங்கும். லாரிக்கு வேறு வழி என்ன இருக்கிறது?

அந்த ஊர் அற்புதத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, அது யாருடைய பொறுப்பு என்றுதான் கவலைப்பட்டது. மண்டிக்காரரின் பேரன்கள் மூட்டையில் இருந்த மண்டி முத்திரையைக் காட்டிச் சரக்கு தங்களுடையது என்றார்கள். அந்தச் சரக்கை அப்போதே வாங்கிக்கொண்டவர்களின் பேரன்கள் அது கைமாறிவிட்டது என்றார்கள். விளைவித்தவர்களின் பேரன்கள், அன்றைக்கும் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை, இன்றைக்காவது ஒரு படி கொடுங்கள் என்றார்கள். வரி அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, வெங்காயத்தை முகர்ந்து, ஒருமுறை வரி கட்டிய சரக்கு மறுமுறை வந்தால் என்ன செய்வது என்று விதியில் இல்லை என்று சொல்லி, கண்ணீரோடு திரும்பினார். அந்தக் காலத்து வெங்காயத்துக்குக் காரம் அதிகம். கடைசியில் யார் வீட்டில் அடுப்பு எரிகிறதோ அவர்களெல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஊர் முடிவானது.

பின்பு ஒரு கல்யாணச் சீர் வந்தது: கட்டில், பீரோ, பித்தளை அண்டா, குத்துவிளக்கு. அந்தத் தம்பதியர் இருவரும் அதே ஊரில், ஒரே வீட்டில், பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். இரண்டாவது கட்டில் வந்ததில் இருவருக்கும் சௌகரியமாயிற்று, அந்தச் சௌகரியத்தைப் பற்றிப் பேசத்தொடங்கி மறுபடி பேச்சுவார்த்தையும் வந்தது. ஒரு கட்சியின் மாநாட்டுக்குப் போன நடை வெறும் கொடிகளாக வந்தது. கட்சி இப்போது மூன்றாகிவிட்டபடியால் மூன்று பேர் வந்து கொடியில் தங்கள் நிறத்தை மட்டும் கத்தரித்துக்கொண்டு போனார்கள். ஒரு நாள் வண்டியில் உதிர்ந்த சாமந்தியும் பாதி எரிந்த ஊதுவத்தியும் மட்டும் இருந்தன. அது ஒரு சாவுக்குப் போன நடை என்று தெரிந்து, செத்தவரின் மகன் வேட்டியை மாற்றிக்கொண்டு ஓடிவந்து எட்டிப்பார்த்து, வெகுநேரம் பின்கதவருகே நின்றார். ராக்கியண்ணன் அவர் தோளில் கை வைத்து, “ஆளுங்க தானா ஏறித் தானா இறங்கிக்குவாங்க சாமி. சரக்கைத்தான் நாம இறக்கோணும்,” என்றார். அதற்கப்புறம் யாரும் ஆளுக்காகக் காத்திருக்கவில்லை.

மயிலாத்தாள் மட்டும் காத்திருந்தாள், ஆளுக்காக அல்ல. அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவள் அம்மா பாவாயி இந்தச் சவர்லட்டில் ஏறிப் போனாள், வரவில்லை. போனது ஊருக்குத் தெரிந்தது எப்படி என்றால், அடுத்த ஊர் டீக்கடைக்காரர் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்: லாரியில், டிரைவர் உட்காருகிற பக்கத்திலேயே, ஒரு பெண்பிள்ளை ஜன்னலில் முழங்கை வைத்து உட்கார்ந்து போனாள், டிரைவர் மடியில் இல்லாமல் வேறெங்கே. ஊர் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொண்டது. மயிலாத்தாளின் அப்பா சென்னியப்பன் அந்த மண்டியின் லோடுமேன். வெங்காயத்தை ஏற்றிக் கட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, பாவாயி ஒரு தகரப் பெட்டியோடு வாய்க்கால் பாலத்தில் காத்திருந்து, வண்டியை நிறுத்தி, பெட்டியை மூட்டைகளின் மேல் வீசிவிட்டு ஏறிக்கொண்டாள் என்று கதை முடிந்தது. சூசை சில நாளில் வண்டியோடு திரும்பி வந்தார். இளவட்டங்கள் அவரை அடிக்கப் போனபோது குறுக்கே நின்றது சென்னியப்பன். எங்கே என்று கேட்டதற்குச் சூசை, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கிக்கொண்டார்கள் என்று மட்டும் சொன்னார். சென்னியப்பன் அதே வண்டியில் அதே சூசைக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு இருந்தார், சூசை செத்த பிறகு வண்டியைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கித் தன் காட்டில், இப்போது எடைமேடைக்குப் பின்னால் இருக்கிற நிலத்தில், நிறுத்தினார், தன் வாழ்நாள் முழுக்க ஏமாந்தவன் என்று பேர் வாங்கினார். மனைவியைக் கொண்டுபோன வண்டியை வாங்கி வைத்த மனிதனுக்கு ஊரில் வேறு என்ன பேர் வைப்பார்கள்.

அம்மா இல்லாத வீட்டில் மகளுக்குச் சடை போட்டுவிட்டதும் அவர்தான். அவருக்குத் தெரிந்த ஒரே முடிச்சு லோடு கட்டும் முடிச்சு; இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, ஓர் உள்வாங்கல். அதை ரிப்பனில் போட்டால் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவரே அவிழ்க்கும்வரை தலை கலையாது. கூடப் படித்த பிள்ளைகள் அவளை ‘லோடு’ என்று கூப்பிட்டார்கள். அவள் அப்பாவிடம் ஒரு தடவைகூட அம்மாவைப் பற்றிக் கேட்டதில்லை. ஏமாந்தவரிடம் எப்படி ஏமாந்தீர்கள் என்று கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தாள். அதனால் அவர் மேல் ஒரு சின்னக் கோபம், பல் இடுக்கில் மாட்டிய நார் மாதிரி, அவர் செத்த பிறகும் இருந்தது.

இந்த நேரத்தில்தான் அர்த்தனாரி ஒரு பேச்சுக்காக ஒன்றைச் சொன்னார். இப்போது அவர் கரட்டுச்சத்திரத்திலேயே அறை எடுத்துத் தங்கிவிட்டார், கடையை மைத்துனர் பார்த்துக்கொண்டார், யாராவது வண்டியில் சாய்ந்து நின்றால் அவருக்கே முதுகு வலித்தது. கதவுப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டி, சிவப்புக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குள்ளே ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பண்ணையின் பெயரில் கடைசி இரண்டு எழுத்தும் தெரிகிறது என்று வாட்ஸாப்பில் போட்டிருந்தார். குழுவில் தமிழ்நாடு முழுக்க அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

“இடதுபக்கம் ஸ்டீயரிங் இருக்கிற வண்டிய வெச்சுக்கிட்டு நாம படுற பாடு இருக்கே அக்கா,” என்றார். “ஈரோட்டுல வண்டிய நிறுத்தி, வலதுபக்கம் சும்மா உக்காந்திருந்த எங்க மாமியார்கிட்ட லைசென்ஸ் கேட்டாங்க. கூடவே ஹெல்மெட்டும் கேட்டிருப்பாங்க, அவிய மொறச்ச மொறப்புல விட்டுட்டாங்க.”

மயிலாத்தாள் சிரிக்கவில்லை. வண்டியின் வலதுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். முன்னால் ஸ்டீயரிங் இல்லை, மிதிகட்டை இல்லை, ஜன்னலில் முழங்கை வைக்க வாட்டமாக இருந்தது. சவர்லட்டில் ஸ்டீயரிங் இடதுபக்கம் என்று அடுத்த ஊர் டீக்கடைக்காரருக்குத் தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் ஒருத்தி தன் இடத்தில் தனியாக, அகலமாக உட்கார்ந்து போனதைத்தான். இத்தனை வருஷமாக வண்டி தன் காட்டில் நிற்கிறது, ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று தனக்குத் தெரியும், இருந்தும் இந்தக் கணக்கை ஒரு தடவையும் போட்டுப் பார்க்கவில்லையே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. ஆனாலும் பெட்டி பாக்கி இருந்தது. மடியில் உட்காராமலும் ஓடிப்போகலாம்.

ஆடுகள் வந்த அன்றுதான் அவள் பயந்தாள். மாரியம்மன் பொங்கலுக்காக வாங்கி வந்த ஆடுகள், வண்டி நிறைய, கத்திக்கொண்டு. இவை ஏற்கெனவே வெட்டுப்பட்டு, படைக்கப்பட்டு, சாப்பிட்டும் முடிக்கப்பட்டவை என்பதால், ஒரு தடவை ஏற்றுக்கொண்ட ஆட்டை அம்மன் இன்னொரு தடவை ஏற்றுக்கொள்ளுமா என்று பூசாரி சங்கடப்பட்டார். பூ கட்டிப் போட்டுப் பார்த்தார்கள். அம்மன் தனக்கு ஆட்சேபணை இல்லை, ஆட்டுக்கு உண்டா என்று கேட்டதாகப் பூசாரி சொன்னார். ஆடுகள் பிழைத்தன, ஊரில் அலட்சியமாக நடந்தன. ஆனால் மயிலாத்தாளுக்கு அந்த ஆடுகளை நினைவிருந்தது. அம்மா போன பிறகு சவர்லட்டு முதன்முதல் திரும்பி வந்து நின்றபோது அதிலிருந்து இறங்கியவை இவை. ஆடாவது வந்து சேர்ந்ததே என்று யாரோ ஒரு பெண் சொன்னதும், மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டதும் நினைவிருந்தது. அப்படியானால் நாளைக்குத் திறந்தால் வருவது அம்மா ஏறிப் போன நடை.

மறுநாள் அவள் பின்கதவைச் சாத்திக் கொக்கியில் பூட்டுப் போட்டாள். அதற்கடுத்த நாளும் திறக்கவில்லை. ஊர் அவளிடம் நேரடியாக ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஆளாளுக்கு எடை பார்க்க வந்தார்கள். வெறும் சைக்கிளை மேடையில் சவர்லட்டுக்குப் பக்கத்தில் ஏற்றினார்கள், ஒருவர் கைக்குழந்தையைப் படுக்க வைத்தார். சிவப்பு எழுத்தைப் பார்க்கிற மாதிரி பூட்டைப் பார்த்தார்கள். கரும்புச் சர்க்கரை நடை ஒன்று சீக்கிரம் வரவேண்டியிருக்கிறது என்று அவர்களில் வயதானவர்களுக்குக் கணக்கு இருந்தது. அர்த்தனாரிக்கு வேறு கணக்கு. வண்டியின் கடைசி நடை, அதாவது அதன் முதல் நடை, அமெரிக்காவில் ஏற்றியது. அது என்னவாக இருக்கும் என்று குழுவில் ஏலம் போகாத குறை. இருந்தாலும் அவர் பம்பரின் துருவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ராக்கியண்ணன்தான் வந்து எதிரே உட்கார்ந்தார்.

“இறக்காத வண்டி நகராது, மயிலு.”

“எங்கம்மா பொட்டிய வீசிட்டு ஏறுனத ஊரே நின்னு பாக்கோணுமாண்ணா? கதவைத் தெறந்ததும் மேலாப்புலதான் கெடக்கும். மொதல்ல அதுதான் இறங்கும். அந்த மனுசன் கஞ்சி குடிச்சுட்டு இருந்தாருன்னு மறுக்கா ஒரு தடவ பேசுவாங்க.”

“பாக்கட்டும். இத்தன வருசமாப் பாக்காமயேதான பேசுனாங்க.”

அவள் சாவியைக் கொடுத்தாள்.

வெயில் ஏறிய பிறகுதான் திறந்தார்கள். எடைமேடையைச் சுற்றி ஊர் நின்றது. மறுபடி பேசத்தொடங்கிய கட்டில்காரத் தம்பதியர், மூன்று கட்சிக்காரர்கள், பூசாரி, அவருக்குப் பின்னால் ஆடுகள். கதவு இறங்கியது. தார்ப்பாயை உருவினார்கள். மேலாக ஒன்றும் இல்லை, வெங்காய மூட்டைகள் மட்டும் வரிசை வரிசையாக அடுக்கியிருந்தன. கதவோரத்து வரிசை இறங்கியது. ஒன்றும் இல்லை. அடுத்த வரிசை இறங்கியது. பெட்டியே கிடையாது போலிருக்கிறது, கட்டிய சேலையோடுதான் போயிருக்கிறாள் என்று யாரோ சொல்ல, அதுவும் ஒரு தினுசான கேவலம்தான் என்று இன்னொருவர் ஒப்புக்கொண்டார். ராக்கியண்ணன் ஒரு மூட்டையையும் வேறு ஆளிடம் விடவில்லை. சாத்தியும் திறந்தும் இத்தனை நடைகளை இறக்கியவர், அன்றைக்கு மட்டும் மூட்டைகளை முதுகில் வாங்காமல் மார்போடு அணைத்து இறக்கினார். வண்டி பாதியானது, கால் ஆனது. கடைசியில் கேபினை ஒட்டிய அடிவரிசை மட்டும் இருந்தது. அதில் நடு மூட்டையை எடுத்ததும் உள்ளே ஓர் இடைவெளி, யாரோ அளந்து விட்டது மாதிரி. அந்த இடைவெளியில், நான்கு பக்கமும் வெறும் சாக்கு மடித்து அணை கொடுத்து, ஆடாமல் அசையாமல், ஒரு சின்னத் தகரப் பெட்டி இருந்தது. கயிறு போட்டுக் கட்டியிருந்தது. இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, ஓர் உள்வாங்கல்.

லாரி ஊர்க்காரர்களுக்கு இதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டியதில்லை. அங்கே நின்றிருந்த ஒவ்வொருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அந்தப் பெட்டி ஏறிய பிறகுதான் மற்ற மூட்டைகள் ஏறியிருக்கின்றன. மூட்டைகளை ஏற்றியது சென்னியப்பன். எது எல்லாவற்றுக்கும் கடைசியில் இறங்க வேண்டுமோ அதைத்தான் லோடுமேன் முதலில் ஏற்றுவான். ஆகவே அது எந்தச் சந்தைக்கும் போய்த் திரும்புகிற பெட்டி இல்லை, எல்லா ஊரும் தாண்டிய பிறகு இறங்குகிற பெட்டி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, அளந்து, இடம் விட்டு, கீறல் விழக்கூடாது என்று சாக்கை மடித்து வைத்து, நடுவழியில் அவிழாத முடிச்சைப் போட்டு, அதன் மேல் ஒரு லாரி வெங்காயத்தை அடுக்கி, பிறகு வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்திருக்கிறார்.

மயிலாத்தாள் வண்டியில் ஏறி முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டதும் பின்னந்தலையில் ஓர் இழுப்புத் தெரிந்தது. ஆறு வயதில், அந்த நாள் காலையில், அம்மா போய்விட்டாள் என்று டீக்கடைக்காரர் வந்து சொல்வதற்கு வெகுநேரம் முன்னால், தான் பள்ளிக்கூடம் போகும்போதே தன் சடையில் இந்த முடிச்சு இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போனாள். அதற்கு முந்தின நாள்வரை சடை போட்டுவிட்டது அம்மா. அம்மா இல்லாத முதல் நாள் அது என்று அப்பாவுக்கு விடியும்போதே தெரிந்திருந்தது. போகிறேன் என்று அம்மா சொல்லியிருக்க வேண்டும், ஏன் என்று அவர் கேட்டாரோ இல்லையோ, இரண்டு முடிச்சுப் போட்டார், ஒன்று போகிற பெட்டிக்கு, ஒன்று இருக்கிற பிள்ளைக்கு. அவர் ஏமாறவில்லை. ஏமாந்தவர் என்று பேரைச் சுமந்தார், அவ்வளவுதான். சுமப்பது அவர் தொழில்.

ஊர் இதையும் ஒரே நாளில் செரித்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள், சென்னியப்பன் அப்படிப்பட்ட ஆள்தான் என்று தங்களுக்கு எப்போதுமே தெரியும் என்று எல்லோரும் சொன்னார்கள். டீக்கடைக்காரரின் பேரன் மட்டும் தாத்தாவுக்குக் கண் பார்வை சரியில்லை என்று மருத்துவக் காரணம் கொடுத்தான். பெட்டியைத் திறந்து பார்க்கலாமே என்று ஒருவர் அல்ல, பலர் கேட்டார்கள். மயிலாத்தாள், “சரக்கப் பிரிக்கறது சரக்குக்காரங்க வேல. நாம ஏத்தி இறக்கறவங்க,” என்று சொல்லிப் பெட்டியை எடைமேடை அறையில் மேஜைக்குக் கீழே வைத்தாள். சங்கத்து விதி அது; ராக்கியண்ணன் தலையாட்டியதால் யாரும் மேலே பேசவில்லை.

அதன்பிறகு மாதக்கணக்கில் நடைகள் அமைதியாக வந்தன. கரும்புச் சர்க்கரை வந்தது, தேருக்கு வடம் வந்தது, பள்ளிக்கூடத்துக்கு ஓடு வந்தது, சாமியார் காலத்து விதைச்சோளம் வந்தது. ஒரு நாள் கதவைத் திறந்தபோது பச்சை மட்டையோடு மக்காச்சோளக் கதிர்கள், இந்த ஊர்க் காற்றில் இல்லாத ஒரு குளிர்ந்த புல்வாசனை, கதிர்களின் மேல் ஒரு புள்ளிக்கோழி. அர்த்தனாரி படம் எடுக்கக் கையை உயர்த்தி, எடுக்காமல், செருப்பைக் கழற்றினார். கதிரைச் சுட்டு எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தடவித் தின்றுபார்த்து, இனிப்பு ஜாஸ்தி என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. கோழி ‘பா, பா’ என்று கூப்பிட்டால் வரவில்லை. பாஷை பழக நாளாகும் என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாள் கதவைத் திறந்தபோது பலகை மட்டும் இருந்தது. எடைக்கருவி, சவர்லட்டின் சொந்த எடையை, அர்த்தனாரி முதல் நாளே மனப்பாடமாகச் சொன்ன அதே எடையைக் காட்டியது. அவர் பானட்டுக்குள் தலையை விட்டு ஏதோ செய்து, ஏறி உட்கார்ந்து காலால் மிதித்தார். வண்டி இருமி, யோசித்து, கிளம்பியது. ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே, டிரெய்லர் வேண்டாம் என்று சொன்னார்.

அப்போது மயிலாத்தாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வண்டிக்குள் ஏறி, கேபினை ஒட்டி, அடியில் வைத்து, நான்கு பக்கமும் சாக்கு மடித்துக் கொடுத்தாள். முன்னாலிருந்த முடிச்சை அவள் அவிழ்க்கவில்லை. அதன் மேலேயே இன்னொரு கயிறு போட்டு, வண்டியின் கொக்கியோடு சேர்த்து, அதே முடிச்சைப் போட்டாள். எடைக்கருவியைப் பார்த்தார்கள். எழுத்து மாறவில்லை. பத்துக் கிலோவுக்குக் குறைந்த எதையும் அந்த மேடை கண்டுகொள்வதில்லை. ஓர் ஊர் இத்தனை வருஷம் சுமந்து திரிந்த சரக்கின் எடை அவ்வளவுதான்.

“காலி வண்டியில மொதல்ல பொட்டிய ஏத்துனா அது கடைசியிலதானக்கா இறங்கும்?” என்று அர்த்தனாரி கேட்டார்.

“ஆமா தம்பி.”

“கடைசின்னா எங்கீங்க?”

“இறங்க வேண்டிய எடம் வந்தாத் தெரியும். சூசையண்ணனுக்குத் தெரிஞ்சுதுல்ல. வண்டிக்கும் தெரியாமயா இருக்கும்?”

அவள் எடைமேடை அறையைப் பூட்டிச் சாவியை ராக்கியண்ணனிடம் கொடுத்தாள். வலதுபக்கக் கதவைத் திறந்து ஏறி, ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டாள். சவர்லட்டு கடைவீதி வழியாக, வாய்க்கால் பாலத்தின் மேலாக, நல்ல வெயிலில், ஆட்டுக்காகவும் கோழிக்காகவும் நின்று நின்று போனது. அடுத்த ஊரில், பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு பெண் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மயிலாத்தா சவர்லட்ட ஓட்டிக்கிட்டுப் போறா, பின்னால ஒரு மூட்டையுமில்ல, என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அன்று சாயங்காலத்துக்குள் கரட்டுச்சத்திரத்துக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்தது. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று இந்த முறை எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஒருவரும் அதைத் திருத்தவில்லை.